முன்வரிசையைத் திருப்பிய கை

பிறை என்ற ஊரில் நான் வேலை செய்யும் பட்டறையில், வெளிநாட்டுக் கடலில் நிறுவப்போகும் காற்றாலைகளுக்குக் கையளவு மாதிரிகள் செய்கிறோம். அவற்றை ஒரு நீண்ட மேசையில் வரிசையாக நட்டு, பெரிய விசிறியால் காற்று விடுவோம். முன்னால் நிற்பது காற்றின் பலத்தை எடுத்துக்கொள்ளும். அதற்கு நேர் பின்னால் நிற்பது, மிச்சமான கலங்கிய காற்றில் சோர்ந்து சுற்றும். அந்த இழப்பைக் குறைக்க வழி தேடுவது இஞ்சினியரின் வேலை. அவர் இளம்பெண்; நாங்கள் 'மிஸ்' என்று கூப்பிடுவோம். மாதிரிகளை நடுவது நான். வேகம் அளக்கும் வயர்களைப் பொருத்துவது, எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த தொழிலாளி. அந்த மாதத்தோடு அக்காவின் வேலை ஒப்பந்தம் முடியவிருந்தது; புதுப்பிப்பது முதலாளியின் கையில்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னால் நின்ற ஒன்று வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியது.

"அக்கா, வயர் மாத்திப் போட்டீங்களா? இந்த ரீடிங் வரக்கூடாதே."

"ரெண்டு தடவ செக் பண்ணேன்லா, மிஸ்."

மிஸ் அறிக்கைத் தாளில் 'வயரிங் தவறு' என்று எழுதினார். மாலையில் அது முதலாளியிடம் போகும்.

நான் மேசையைப் பார்த்தேன். முன்னால் நின்ற காற்றாலை சற்றே ஒருபக்கம் திரும்பியிருந்தது. திருப்பியது என் கைதான். முன்பு ஜுருவில் மேசை விசிறி செய்யும் தொழிற்சாலையில் பல வருடம் இருந்தேன். அங்கே விசிறிகளை வரிசையாக ஓட்டிப் பார்க்கும்போது, ஒன்றின் காற்று இன்னொன்றில் பட்டு வேகத்தைக் கெடுக்காமலிருக்க, ஒவ்வொன்றின் தலையையும் கொஞ்சம் திருப்பி வைப்போம். காலையில் என்னை அறியாமலே கை அதைச் செய்துவிட்டது.

சொன்னால் என் வேலை போகுமோ என்று, அடுத்த மாதிரியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். மதியம் அக்காவுடன் சாப்பிட உட்கார்ந்தேன்.

"அடுத்த மாசம் என் நாற்காலிய நீ எடுத்துக்க தம்பி. சீட்டு கிழிஞ்சிருக்கு, பாத்து உக்காரு," என்று அக்கா சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

நான் எழுந்து மிஸ்ஸிடம் போனேன்.

"மிஸ், வயர் இல்ல. நான்தான். முன்னாடி உள்ளது திரும்பி நிக்குது."

அவர் குனிந்து பார்த்தார். சாமி படத்துக்கு வைத்திருந்த ஊதுபத்திகளில் ஒன்றைக் கொளுத்தி முன்னதன் பின்புறம் நீட்டினார். புகை ஒருபக்கமாக விலகி, பின்னால் நின்றதைத் தொடாமல் போனது.

"இப்படித் திருப்பிப் பாக்கறத அடுத்த கட்டத்துலதான் செய்யலாம்னு வெச்சிருந்தோம் அண்ணே. முன்னாடி உள்ளது கொஞ்சம்தான் இழக்குது. பின்னாடி அதவிட அதிகமா கெடைக்குது. மத்த வரிசையிலயும் பாக்கணும்." அறிக்கையில் எழுதியதை அடித்தார். "ஆனா, சொல்லாம திருப்பாதீங்க."

"காலைலேர்ந்து என்னை வேக வெச்சிட்டு இப்பதான் வாய் திறந்துச்சா?" என்று அக்கா என் தோளில் ஒரு அடி போட்டார்.

வெள்ளிக்கிழமை அக்காவின் புது ஒப்பந்தத்தில் முதலாளி கையெழுத்துப் போட்டார். அன்றே மற்ற வரிசைகளையும் திருப்பிப் பார்க்கத் தொடங்கினோம். நான் கோணமானி வைத்துத் திருப்பி, ஒவ்வொரு கோணத்தையும் உரக்கச் சொல்ல வேண்டும். அக்கா மேசையின் அடுத்த முனையில் எழுதிக்கொள்வார்.

"பத்து," என்றேன்.

"கேக்கல. சத்தமா!"

"பத்து!"