பேசாத பிள்ளையின் மைக்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நான் ஜெபராணி. வாயால் பிழைக்கிறவள். போன ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல எழுந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கம். கல்யாணமான கையோடு சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் சாமுவேலுக்கு இங்கே கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. எங்கள் முதல் பிள்ளை ஊரில் பிறந்தான், மறுநாளே போய்விட்டான். நெஞ்சில் பால் கட்டிக்கொண்டு கல்லாய்க் கிடந்தது. எல்லாம் கர்த்தர் சித்தம் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம், சும்மா இருங்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். ஜெபிக்கப் பிடிக்கவில்லை. வேதாகமத்தைத் தொடவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆன்லைனில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. ஒரு வகுப்புக்கு நாலு பிள்ளைகள். தமிழில் ஒரு வார்த்தை வரக்கூடாது என்பது சட்டம். அதனால் எல்லாவற்றையும் நடித்துத்தான் காட்ட வேண்டும். ஜம்ப் என்றால் குதிக்கணும். ஸ்லீப் என்றால் சாய்ந்து விழுந்து குறட்டை விடணும். வேக் அப் என்றால் அடித்துப்பிடித்து எழுந்திரிக்கணும். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் யாரோ பெற்ற பிள்ளைகள் முன்னால் குரங்காட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். கேமராவை அணைத்ததும் அழுவேன்.

கீழே ஹவுஸ் ஓனர் அம்மா இருந்தார். கம்பெனி வந்தபோது நிலத்தைக் கொடுத்துவிட்டு, மாடியில் ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் உள்ளூர்க்காரர். நான் போடும் சத்தம் அவருக்கு ஆகவே ஆகாது. தினமும் ஒரு பாட்டுத் திட்டுவார்.

சாயங்கால வகுப்பின் நாலு பிள்ளைகளில் ஒருத்தி யாழினி. ஐந்து வயது, கோயம்புத்தூர்ப் பிள்ளை. வாயே திறக்கமாட்டாள். நடிக்கவும் மாட்டாள். கண் கொட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவளை எடுத்துவிட்டு வேறு பிள்ளையைப் போடலாம் என்று வகுப்பு நடத்தும் நிறுவனத்தார் சொன்னார்கள். எனக்கு வீம்பு. விடமாட்டேன் என்றேன். மற்ற மூன்றும் போடுகிற கூச்சலில் என் குரலே எடுபடாது. அதனால் பாடம் நடத்தும்போது அவர்களை மியூட்டில் போட்டுவிடுவேன். நான் எடுத்துவிட்டால்தான் அவர்கள் சத்தம் வெளியே வரும். யாழினியை மட்டும் போடமாட்டேன். பேசாத பிள்ளையை எதற்கு மியூட் பண்ண?

திரும்பவும் உண்டானேன். ஏழாம் மாதம் காலும் முகமும் வீங்கின. பி.பி. ஏறியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். பயத்தில்தான் ஜெபம் திரும்பி வந்தது. ஜெபமென்ன ஜெபம், சண்டை. இதையும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் என்னையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று கத்தியிருக்கிறேன். வகுப்பு தொடங்கும் முன் இன்னொன்றும் கேட்பேன். இந்த யாழினியின் வாயைத் திறந்துவிடும்.

அன்றைக்கு நல்ல மழை. காலையிலிருந்தே மண்டை பிளந்தது. இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பியவரிடம் சொன்னேன்.

"தைலத்தத் தேச்சிட்டுப் படுத்துக்கிடுட்டி. காலம்பற ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றார்.

கம்பெனி லைனில் வேலைக்கு நிற்கும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நான் கூப்பிட்டாலும் அவருக்குத் தெரியாது.

சாயங்கால வகுப்பு. ஸ்லீப் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குள் பொறி பறந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மீதி, மற்றவர்கள் சொன்னது. வலிப்பு வந்து தரையில் விழுந்திருக்கிறேன். டீச்சர் நடிக்கிறாள் என்று நினைத்து மூன்று பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே கட்டிலில் விழுந்து குறட்டை விட்டார்களாம். யாழினி மட்டும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தினமும் என் முகத்தையே பார்த்த பிள்ளை அல்லவா? இது விளையாட்டில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "டீச்சர், வேக் அப்! வேக் அப்!" என்று கத்தத் தொடங்கியிருக்கிறாள். அவள் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான்.

நான் எப்போதும் ஹெட்செட் போட்டுத்தான் பாடம் எடுப்பேன். பிள்ளைகளின் சத்தம் என் காதைத் தாண்டாது. விழுந்த வேகத்தில் அந்த வயர் லேப்டாப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மியூட்டில் இல்லாத யாழினியின் குரல் ஸ்பீக்கரில் ரூம் முழுக்கக் கேட்டிருக்கிறது.

ஓனர் அம்மா பிற்பாடு ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கொயந்த இல்லாத வூட்ல இன்னாடா கொயந்த சத்தம் கேக்குதுன்னு ஏறி வந்தேம்மா. வந்து பாத்தா நீ இழுத்துகினு கெடக்கற."

அவர்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டு, என் தலையை மடியில் வைத்துக்கொண்டே செங்கல்பட்டுக்கு வந்தவர். வழியெல்லாம் மாரியம்மனைக் கூப்பிட்டாராம். நான் அதில் குறை சொல்லமாட்டேன்.

உடனே ஆபரேஷன். ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்து போனைப் பார்த்த மனுஷன், யூனிபார்மோடு ஓடிவந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். பெண் பிள்ளை. உள்ளங்கை அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்துப் பெட்டிகள் ஒவ்வொன்றாய்க் காலியானதைப் பார்த்தேன். எல்லாமே வீட்டுக்குப் போன பிள்ளைகள் இல்லை. அந்தத் தாய்மார்களும் ஜெபித்திருப்பார்கள். அது ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் உங்களிடம் பேசவும் மாட்டேன்.

எங்களுடையது பிழைத்தது. கிருபா என்று பெயர் வைத்தோம்.

யாழினியின் அம்மாவிடம் போனில் பேசினேன். "வாயே தொறக்காத புள்ள அதுங்க. அன்னிக்கு அப்படிக் கத்துச்சுங்க," என்று சொல்லி அழுதார். யாழினி இப்போது வகுப்பில் வாய் மூடுவதே இல்லை. மியூட்டில் போட வேண்டியிருக்கிறது.

கிருபாவுக்கு இரண்டு வயது முடியப்போகிறது. நடக்கிறாள். இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு வலிப்பு வந்தபோது வயிற்றுக்குள் அவளுக்கு மூச்சு முட்டியதால் இருக்கலாம், பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். நான் பாடம் நடத்தும்போது காலடியில் உட்கார்ந்து கண் கொட்டாமல் என் முகத்தைப் பார்க்கிறாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான். சில நாள் பயந்து சாகிறேன். ஆனால் பழையபடி வேதாகமத்தை மூடிவைக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பதில் வராத ஒரு ஜெபம் இருக்கும். விட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும் என்று நமக்குத் தெரியாது. கிருபாவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். அவள் அம்மா என்று கூப்பிடுகிற அன்றைக்கு நான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்கமாட்டேன். கீழே இறங்கிப்போய் ஓனர் அம்மாவிடம்தான் முதல் சாட்சி சொல்வேன்.