என் தூக்கத்துக்காகக் கொடுத்த போன்

துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் வண்டி ஓட்டுகிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் முத்தையாபுரத்து வெயில் தகரக் கூரை வழியாக இறங்கிப் பத்து மணிக்கே எழுப்பிவிடும். சாயங்காலம் நாலு மணிக்குக் கடல்காற்று திரும்பிய பிறகுதான் கண் சொக்கும். நாலிலிருந்து எட்டு வரை, அதுதான் என் ராத்திரி.

அந்தத் தூக்கம் இல்லாமல் வண்டியில் ஏறக்கூடாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருதடவை கண் அசந்து, தூக்கிய பெட்டியை ஒரு லாரியின் கேபின்மேல் இடித்துவிட்டேன். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தார். நானும் பிழைத்தேன்.

அப்போது என் மகளுக்கு நாலு வயது. மனைவி இறால் கம்பெனி வேலை முடிந்து வர ஏழரை ஆகும். நாலு வயதுப் பிள்ளைக்குச் சாயங்காலம் என்பது ஆடிப்பாடுகிற நேரம். வேறு வழி தெரியாமல் என் போனைக் கையில் கொடுத்து, சத்தத்தைச் சுத்தமாக நிறுத்தி, அடுப்படியில் உட்காரவைத்தேன். முதல் வாரம் சிரித்தாள். நான் எழுந்து போய் அதட்டினேன். அடுத்த நைட் ஷிப்ட் வாரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டாள். தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது.

இதைக் கன்டெய்னர் யார்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளை மாதிரி அனுசரணையான பிள்ளை கிடையாது, நாலு மணி நேரம் வீட்டில் ஆள் இருக்கிறதே தெரியாது என்று. கேட்டவர்களும் தலையாட்டினார்கள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இப்போது எட்டாம் வகுப்பு. நான் புது போன் வாங்கியதும் பழையது அவளுடையதாகிவிட்டது. பகல் ஷிப்ட் வாரங்களில் நான் ரொம்பக் கண்டிப்பு. ஒன்பது மணிக்கு போன் பீரோமேல் போய்விட வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும். நைட் ஷிப்ட் வாரத்தில் மட்டும் அந்தச் சட்டம் எனக்கு மறந்துவிடும், நாலு மணிக்கு நானே போனை எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவளுக்கோ போன் இல்லாவிட்டால் தூக்கமே பிடிப்பதில்லை. ஒன்று, நாங்கள் தூங்கிய பிறகு பீரோமேல் கைவைப்பாள். இல்லையென்றால் இருட்டில் முழித்துக்கொண்டு கிடப்பாள்.

போன மாதம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்கு நைட் ஷிப்ட் வாரம் என்பதால் நான் போனேன். முதல் இரண்டு பீரியடும் தூங்குகிறாளாம், மார்க் பாதியாகிவிட்டதாம். வீட்டில் போன் கொடுப்பது யார் என்று டீச்சர் கேட்டார். பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

“நான் குடுக்கதே இல்ல டீச்சர். எங்களுக்குத் தெரியாம அவளா எடுத்துக்கிடுதா.”

சொல்லி முடித்ததும் அவளைப் பார்க்க முடியவில்லை. டீச்சர் அவள் பக்கம் திரும்பி, அப்பா இவ்வளவு கஷ்டப்படும்போது இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அவள் “சாரி மிஸ்” என்றாள்.

அவளை என்னோடு அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகு கேட்டேன்.

“ஏளா, நான்தான் தந்தேன்னு சொல்லியிருக்கலாம்லா?”

ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். “சொன்னா போனை வாங்கிருவீங்க. பொறவு நான் சும்மா இருக்க மாட்டேன், உங்களுக்குத் தூக்கம் வராது. நீங்க வண்டி ஓட்டணும்லாப்பா.”

லாரியை இடித்த கதையை அவளிடம் நான் சொன்னதே இல்லை. மனைவி சொல்லியிருப்பாள்.

மீதி வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இனிமேல் போன் வேண்டாம். நீ சத்தம் போடு, பாட்டுப் பாடு, தெருவில் போய் விளையாடு, என் தூக்கத்துக்கு நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். யார்டில் ஷிப்ட் மாற்றிக் கேட்பேன், முடியாவிட்டால் வேறு வேலை தேடுவேன். சரியாகத்தான் வார்த்தைகள் வந்தன.

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. யூனிபார்ம் மாற்றினாள். எனக்குப் பாய் விரித்து ஃபேனைப் போட்டாள். போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய், தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் கதவைச் சாத்தினாள்.

கூப்பிட வாயெடுத்தேன். ராத்திரி பத்து மணிக்கு வண்டியில் ஏற வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. இந்த வாரம் மட்டும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். மனைவி வந்து எழுப்பும்வரை நன்றாகத் தூங்கினேன்.