ரோஸியின் கையில் கொட்டிய பொடி

நேற்று குளியலறை கழுவ ஆசிட் பாட்டிலைத் திறந்தேன். மூக்கைக் குத்திய அந்த வாடை என்னைத் தூக்கிக்கொண்டுபோய், மண்ணூர்ப் பக்கம் இருந்த ஒரு சின்ன ரசாயனக் கம்பெனியில் இறக்கிவிட்டது. தொண்ணூற்றொன்றாம் வருஷம். பி.எஸ்சி. வேதியியல் முடித்த கர்வத்தோடு காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போய், அங்கே லேபில் வேலை பார்த்தேன். கர்வம் இருந்தென்ன, டெஸ்ட் ட்யூப் உடைப்பதில் முதலிடம் எனக்குத்தான்.

பேக்கிங்கில் ரோஸி. பென்னலூர்ப் பெண். என் வயதுதான் என்றாலும் 'அக்கா' என்பாள். அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பைப் பிடுங்கிக்கொண்டு என் தயிர்சாதத்தை அவள் தலையில் கட்டுவேன்.

ஒரு மத்தியானம் அலுமினியம் குளோரைடு பை கிழிந்து அவள் கையில் கொட்டியது. வியர்த்திருந்த கை. பட்ட இடத்திலிருந்து வெள்ளையாய்ப் புகை.

"எரியுதுக்கா!" என்று அலறினாள்.

சூப்பர்வைசர் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"கொஞ்சமா ஊத்தாதீங்க சார், வெந்துடும்!" என்று கத்தி, என் முந்தானையால் பொடியைத் துடைத்தெறிந்தேன். அவளை இழுத்துக்கொண்டு பக்கத்து வயலுக்கு ஓடினேன். நல்லவேளை, பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டுகிற தண்ணீரில் அவள் கையைப் பிடித்தபடியே நின்றேன்.

எரிச்சல் அடங்கியதும் கேட்டாள்: "இன்னாக்கா அது? பைல சும்மா கெடக்குது, தண்ணி பட்டா சீறிக்கினு வருது?"

"காஞ்சிருக்கிறப்ப அலுமினியமும் குளோரினும் எலக்ட்ரானைப் பங்கு போட்டு ஒட்டிக்கிட்டிருக்கும். தண்ணி வந்து அலுமினியத்தைச் சுத்திப் பிடிச்சுக்கும். பழைய பிணைப்பு விட்டுப்போய், ரெண்டும் மின்னூட்டத்தோட தனித்தனி அயனியாயிடும். அப்ப வர்ற சூடுதான் அது. ஆசிட்டும் உண்டாகும். கொஞ்சம் தண்ணின்னா எல்லாம் அங்கயே நிக்கும். நெறைய ஊத்துனா அடிச்சிக்கிட்டுப் போயிடும்."

"அப்ப சுட்டதும் தண்ணி, காப்பாத்துனதும் தண்ணியா?"

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ரோஸி ஈரக்கையை நீட்டிக்கொண்டு என் கண்ணைத் துடைக்க வந்தாள். "ஐயோ, அந்தக் கை வேணாம்!" என்று நான் பின்வாங்க, இருவரும் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

தழும்பு நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முழுக்கை ரவிக்கை போட்டு மறைக்கச் சொன்னார்களாம் சொந்தக்காரர்கள். "இருந்துட்டுப் போவட்டும்" என்று அரைக்கையோடுதான் சர்ச்சுக்கு வந்தாள். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினாள்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். கம்பெனி இல்லை, வயல் இல்லை. மதிலுக்குள் புதுக் கார்கள் வெயிலில் வரிசையாய் நிற்கின்றன. ரோஸியின் தெரு முழுக்க வாடகை அறைகள். அவளைத் தெரிந்தவர் யாருமில்லை. திரும்பும்போது ஒரு டீக்கடையில், பம்புசெட் கிணறு எங்கே இருந்தது என்று கேட்டுப் பார்த்தேன்.

"கெணறா?" என்றார் கடைக்காரர். "இங்க தண்ணியே லாரிலதாம்மா வருது."