எந்த வீட்டுக் கணக்கு?

அபுஸ் டீச்சரின் ஸ்கூட்டர் மேடேறி வருவதற்குள், புகையில் வாட்டிய காட்டுப்பன்றிக் கறியின் வாசனை வகுப்புக்கு வந்துவிடும். முன்கூடையில் வெட்டுப்பலகை, கத்தி, இலையில் சுற்றிய கறி எல்லாம் இருக்கும். சாக்பீஸை மட்டும் மறந்திருப்பாள்.

நாற்பதைத் தொட்ட வயது, பருத்த உடம்பு, கூரையைத் தூக்கும் சிரிப்பு. பிறந்ததும் வளர்ந்ததும் புனுன் பழங்குடிகளின் இதே மலையூர். மழை பிடித்தால் மலைப்பாதை அடைபடும். அவள் வாய் அடைபடாது. வாய்ப்பாட்டைக்கூட ஊர்ப் பாட்டுப்போல நான்கு குரலாகப் பிரித்துத்தான் பாட வைப்பாள். எவனாவது முந்திக்கொண்டு கத்தினால் விடமாட்டாள்.

"என்னடா, தனியாப் போய் பன்னி புடிக்கப் போறியா? பக்கத்துல இருக்கிறவன் குரலைக் கேட்டுப் பாடு!"

தப்பான விடையை அவள் அழிப்பதே இல்லை. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இடுப்பில் கைவைத்துக் கேட்பாள்: "இது எந்த வீட்டுக் கணக்கு?"

ஐந்து வேட்டைக்காரர்களுக்கு முப்பது கிலோ கறியைப் பிரிக்கச் சொன்னது பாடப்புத்தகம். ஆளுக்கு ஐந்து கிலோ என்று எழுதினான் மாணவன் பியுங். வட்டம் விழுந்தது.

"வர்ற வழியில யாராச்சும் ஒருத்தர் எதிர்ப்படுவாங்கல்ல டீச்சர்? அவங்களுக்குப் பங்கு குடுக்காம எப்படி வர்றது?"

"ஞாயம்தான். இப்ப, எதிர்ல யாருமே வராத ஊருக்குப் போடு."

"அப்படி ஒரு ஊரா?"

"இருக்குடா. பரீட்சை எழுதுற ஊரு."

உடனே ஆறு என்று போட்டுவிட்டான்.

"இது பள்ளிக்கூடமா, கறிக்கடையா?" என்று தலைமையாசிரியர் அலுத்துக்கொள்வார். ஆனால் வகுத்தல் பாடத்துக்காகக் கறியைப் பங்கு போடும் நேரத்தில் அந்தப் பக்கமாக நடந்து போகத் தவறமாட்டார்.

அவளுக்கு இருந்த ஒரே கவலை லங்குய். கறியைக் கையில் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் பங்கு போடும் பெண், பரீட்சைத் தாளைக் கண்டால் கல்லாகிவிடுவாள். மந்தமான பிள்ளைகளுக்கென்று கீழே நகரத்தில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது. அவளை அங்கே அனுப்புவதா என்று பார்க்க கல்வித்துறை மேலதிகாரி குவோ மேடம் வந்தார். ஏழு மாத வயிற்றைத் தாங்கிப் படியேறியதில் மூச்சு வாங்கியது.

குவோ மேடம் வெட்டுப்பலகையில் இருந்த கறித்துண்டுகளை எண்ணினார். "பதினெட்டு இருக்கு. இங்க இருக்கிற எல்லாருக்கும் சமமாப் பிரிச்சுக் குடும்மா." லங்குயிடம் சொல்லிவிட்டு, சரிபார்ப்பதற்காகக் கரும்பலகையில் தானே விடையையும் எழுதிவைத்தார். பிள்ளைகள் ஆறு பேர், டீச்சர், தான். ஆக எட்டுப் பேர். ஆளுக்கு இரண்டு, மீதி இரண்டு.

லங்குய் எழுந்தாள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு துண்டு வைத்தாள். குவோ மேடம் கையில் நான்கு வைத்தாள். வெட்டுப்பலகை காலி.

"தப்பு. மீதி ரெண்டு வரணுமேம்மா. எனக்கு மட்டும் ஏன் நாலு?"

லங்குய் தரையைப் பார்த்தாள். கல்லாகப் போகிறாள் என்று அபுஸுக்குத் தெரிந்துவிட்டது. சாக்பீஸை எடுத்தாள். குவோ மேடம் எழுதிய விடையைச் சுற்றி வட்டம் போட்டு, இடுப்பில் கைவைத்தாள்.

"லங்குய், இது எந்த வீட்டுக் கணக்கு?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. லங்குய் நிமிர்ந்தாள்.

"வயித்துல பாப்பா இல்லாத வீட்டுக் கணக்கு, டீச்சர். பாப்பா இருந்தா ரெண்டு பங்குல்ல? எட்டுப் பேர் இல்ல, ஒன்பது பேரு. மீதியே வராது."

குவோ மேடம் கையிலிருந்த கறியைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். "இவளையா கீழ அனுப்பச் சொல்றாங்க? இவ இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி, இரண்டு துண்டைத் தின்றுவிட்டு மற்ற இரண்டைக் கைக்குட்டையில் மடித்தார்.

"அதையும் நீங்கதான் இப்பத் திங்கணும்," என்றாள் லங்குய். "பாப்பாவுக்குப் பல்லு இல்லயே."

மறுபடி சிரிப்பு எழுந்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிற அபுஸ் அன்று சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே போட்ட வட்டத்தின் மேலேயே மெல்ல இன்னொரு முறை சாக்பீஸை ஓட்டினாள்.