ஓட்டைத் துணி நெய்த சென்னய்யா

அருப்புக்கோட்டையில் சென்னய்யாவின் வேட்டிக்கு ஒரு பரீட்சை உண்டு. தறியிலிருந்து அறுத்த வேட்டியை நான்கு பேர் நான்கு முனையில் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுவார். தண்ணீர் அப்படியே தொட்டில் கட்டி நிற்கும். "பாத்துக்கிருங்கப்பா, இது துணி. மத்தவன் நெய்யிறதெல்லாம் வலை" என்பார். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் அந்தத் துணியும் சொட்டத்தான் செய்யும். அதற்குள் தண்ணீரை வாசலில் கொட்டிவிடுகிற சாமர்த்தியமும் அவருக்கு உண்டு.

அந்தப் பெருமையில் பாதி அவர் மனைவி லிங்கம்மாளுக்குச் சேர வேண்டியது. நூலைச் சுற்றித் தருவதும், தெருவில் நீளமாக இழுத்துக் கட்டின பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சுவதும், அறுந்த இழையைத் தேடி முடிவதும் அவள் வேலை. தண்ணீரைத் தாங்கியதே அவள் போட்ட கஞ்சியின் திடம்தான். ஆனால் பரீட்சை நடக்கும்போது அவளை யாரும் கூப்பிட்டு நிறுத்தியதில்லை. அவளும் அடுப்படியில் இருந்தபடி, "இன்னைக்கும் கூத்து ஆரம்பிச்சாச்சு" என்று சிரித்துக்கொள்வாள். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று இருக்கிற குடும்பம்; கேலிக்கு மட்டும் இரண்டும் கலந்து வரும்.

அறுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம், பாவுக்குக் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தவள் படியில் இடறிவிட்டாள். பானை உடைந்து, கஞ்சி அவள் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரைக்கும் ஊற்றிவிட்டது. கஞ்சியாச்சே, தண்ணீர் மாதிரி ஓடிப்போகாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். பக்கத்துத் தறி சௌடப்பன் மைக்கூட்டோடு ஓடி வந்து கை முழுக்க மையைக் கவிழ்த்தார். தீப்புண்ணுக்கு மை ஊற்றுவதுதான் அன்றைக்குத் தெரிந்த வைத்தியம். ஊதாக் கையோடு அவளை மாட்டு வண்டியில் ஏற்றி, திருச்சுழி ரோட்டில் கன்னியர்கள் நடத்திக்கொண்டிருந்த சின்ன தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார் சென்னய்யா.

அங்கே புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள் ரோஸி. எம்.ரெட்டியபட்டிப் பெண், மதுரையில் நர்சு வேலை படித்து வந்தவள். மையைக் கழுவி எடுக்கவே அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. பிறகு அலமாரியிலிருந்து தட்டையான ஒரு தகர டப்பாவை எடுத்தாள். உள்ளே கண்ணி கண்ணியாக ஒரு வலைத்துணி, வேஸ்லினில் ஊறிக் கிடந்தது. அதைப் புண்ணின் மேல் விரித்து, மேலே பஞ்சு வைத்து, கட்டுத்துணியால் சுற்றினாள்.

"அண்ணாச்சி, நாலு நாளைக்கு ஒருக்கா அக்காவக் கூட்டிட்டு வாங்க. மேல இருக்க பஞ்ச நான் மாத்திக்கிறேன். அடியில இருக்க வலைய மட்டும் யாரும் தொடக் கூடாது. சீமையில இருந்து கப்பல்ல வந்தது, டப்பாவுல கொஞ்சந்தான் இருக்கு."

சென்னய்யா தலையை ஆட்டினார். தலைதான் ஆடியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கையில் போட்டிருந்த கட்டை வெளிச்சத்தில் பார்த்தார். மற்றவர்கள் ஆளின் முகத்தைப் பார்ப்பதுபோல அவர் துணியைப் பார்ப்பார். கட்டுத்துணியில் இழைக்கு இழை எறும்பு போகிற இடைவெளி. ஆடிக் காற்றில் கரிசல் புழுதி பறந்து, சோற்றுப் பானைக்குள்ளேயே மண் விழுகிற ஊர் இது. "எவன்டா இத நெய்ஞ்சவன்? இந்த ஓட்டை வழியா ஊர்ப் புழுதியெல்லாம் உள்ள போயிராதா?" என்று கட்டைப் பிரித்தார். அடியில் அந்த வலை பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. அதை உரித்து வீசிவிட்டு, தறியிலிருந்து புதிதாக அறுத்த தன் முதல்தர வேட்டியில் ஒரு அகலம் கிழித்து, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினார். ஊரில் எவன் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு துணியில் கட்டு கிடைக்கும் என்று மனசு நிறைந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் தன் துணியை அவிழ்த்துவிட்டு, பழைய ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியையே மேலாகச் சுற்றிக் கூட்டிப்போவார். வலை எங்கே என்று ரோஸி கேட்டால், பஞ்சோடு ஒட்டிக் கழன்றுவிட்டது என்பார்; அவள் புது வலை வைப்பாள். சாயங்காலம் அது குப்பைக்குப் போகும். குரங்கு கைப் பூமாலை என்று சும்மாவா சொன்னார்கள். ஒவ்வொரு தடவை உரிக்கும்போதும் லிங்கம்மாளுக்கு உயிர் போய் உயிர் வரும். ஆனாலும் வாய் திறக்கமாட்டாள். மனுசன் ஆசையாகச் செய்கிறார், வலிக்கிறது என்றால் முகம் வாடிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொள்வாள். அன்பு இப்படியும் ஒருத்தரை ஒருத்தர் படுத்தும்.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தும் புண் மூடவில்லை. ஓரம் வெளுத்து ஊறி, நடுவில் செக்கச்செவேல் என்று கிடந்தது. வலி தாங்காமல் மடக்கியே வைத்திருந்ததில் முழங்கை பாதி மடங்கிய வாக்கிலேயே இறுகத் தொடங்கியது. மாதம் ஒரு முறை வருகிற மதுரை டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மாதத்தில் தோல் மூடாவிட்டால் கை இப்படியே நின்றுவிடும் என்று சொல்லிப் போனார். நீட்ட முடியாத கையால் நூல் சுற்ற முடியாது, பானை தூக்க முடியாது, தலையை அள்ளி முடியக்கூட முடியாது. லிங்கம்மாள் அழவில்லை. சென்னய்யாதான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று குமுறினார்.

"ஒங்க கந்தத் துணிய நம்பி ஆகுறதா இது? நானாக்கண்டு வீட்ல நல்ல துணியாப் போட்டு இறுக்கிக் கட்டுறேன், அதனாலதான் கை இம்புட்டாச்சும் இருக்கு!"

தவளை தன் வாயால் கெட்டது. ரோஸி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என்ன துணி, அண்ணாச்சி?"

அவர் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அதுவும் அதே நெசவு. ரோஸி அதைக் கிண்ணத்தின் மேல் விரித்து, செம்புத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் நின்றது. அந்த நிலையிலும் அவர் முகத்தில் சின்னதாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

"எறங்கலைல்ல? அக்கா புண்ணுல ஊறுற நீரும் சீழும் இதே மாதிரிதான நிக்கும்? அது எங்கிட்டுப் போகும், சொல்லுங்க. புண்ணு குளத்துக்குள்ள கெடக்கு. சரி, பஞ்சோட கழன்டுருச்சுன்னீகளே, நான் வச்ச எண்ணெய் வலை நெசமா எங்க?"

"அத... உரிச்சுப் போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

சென்னய்யா தலையை ஆட்டினார். ரோஸி ஸ்டூலில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"புதுத் தோலு பாலாடை மாதிரி அண்ணாச்சி. ஓரத்துல இருந்து படிஞ்சு படிஞ்சு வரும். அது மேல எதுவும் ஒட்டக் கூடாதுன்னுதான் அந்த வலை. நீரு கண்ணி வழியா மேல பஞ்சுக்கு வந்துரும், தோலு அடியில நிம்மதியா வளரும். நீங்க நாலு நாளைக்கு ஒருக்கா ஆடையை வழிச்சு எறிஞ்சிருக்கீக."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையைச் சென்னய்யா எத்தனையோ பேரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இப்போது அது தன் பெண்டாட்டியின் கையில் முடிந்திருக்கிறது. லிங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தார். "வலிச்சிருக்குமே, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றார். "நீங்க கேக்கலையே" என்றாள் அவள். அவ்வளவுதான், மனுசன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மிவிட்டார்.

டப்பாவில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வலை. ரோஸி அதைப் புண்ணின் மேல் விரித்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தைக் கத்தரித்தாள்.

"இது ஒரு வாரம் தாங்கும். இன்னொரு டப்பா எப்ப வரும்னு மாதாவுக்குத்தான் வெளிச்சம். எங்க கட்டுத்துணியில வேஸ்லின் தடவிப் பாத்தேன். இழை நகந்து ஒரு பக்கமா ஒதுங்கிருது."

சென்னய்யா கத்தரித்த ஓரத்தைக் கேட்டு வாங்கி, வாழையிலையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் தறியில் கிடந்த வேட்டிப் பாவை அறுத்துக் கழற்றினார். சீப்பு மாதிரி இருக்கிற அச்சில் பல்லுக்குப் பல் இடம் விட்டு மெல்லிசு நூலைக் கோத்து, ஊடை நூலைச் சுமந்து குறுக்கே போகிற நாடாவை ஓட்டி, கண்ணியாக நெய்தார். பார்க்க வலை மாதிரித்தான் இருந்தது. கையில் எடுத்ததும் இழையெல்லாம் வழுக்கி ஒரு மூலையில் சேர்ந்துகொண்டது. எட்டிப் பார்த்த சௌடப்பன், "ஏலே, கம்மாயில சொட்டுத் தண்ணியில்ல, வலைய வச்சு என்னத்தலே பிடிக்கப்போற?" என்றார். ஊரையே வலை என்று கேலி செய்த மனுசன் வலை நெய்கிறார் என்றால் தெரு சும்மா விடுமா? வந்தவர் போனவர் எல்லாம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்கள். சென்னய்யாவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

மடியில் கொண்டுவந்த சீமை வலைத் துணுக்கை இழை பார்க்கிற கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தார். பாவு இழைகள் இரண்டிரண்டாக இருந்தன. குறுக்கே ஓடுகிற ஒவ்வொரு ஊடை நூலையும் அந்த இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று மாறி விழுந்து பிடித்துக்கொண்டிருந்தன. அதனால்தான் ஓட்டை ஓட்டையாகவே நிற்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ ஒருத்தன், ஓட்டையை இவ்வளவு கவனமாக நெய்திருக்கிறான்! சென்னய்யா கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் துணுக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ஆனால் தறியில் ஒவ்வொரு இழையும் தன் இடத்திலேயேதான் மேலே ஏறும். அடுத்த இழையைத் தாண்டி எப்படி ஏறும்? இதில்தான் மாட்டிக்கொண்டார்.

லிங்கம்மாள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன பெரிய வித்தை? மல்லியப்பூக் கட்டுறப்ப நாரு இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா மாறி விழுந்துதான காம்பப் பிடிக்குது? இழையக் கீழாக்க வளைச்சு அந்தப் பக்கமாத் தூக்குறதுக்கு விழுதுல அரைக் கண்ணியாக் கட்டி விடுங்க. முழுக் கண்ணி கட்டுனா எப்படி நகரும்?"

பாவு இழையைத் தூக்கி இறக்குகிற நூல் கண்ணிகள்தான் விழுது. ஆயுசு முழுக்க அதை முடிந்து கொடுத்தவள் அவள். சென்னய்யா அரைக் கண்ணி கட்டினார். மிதிகட்டையை மிதித்தபோது ஒரு இழை தன் ஜோடிக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் தலையைத் தூக்கியது. நாடா ஓடியது. அடுத்த மிதிக்கு இந்தப் பக்கம் வந்தது. நெய்ததைப் பிடித்து இழுத்தார்; கண்ணி அசையவில்லை. உடனே செம்பை எடுத்துத் தண்ணீரை ஊற்றினார். அத்தனையும் மடமடவென்று தரையில் கொட்டியது. துணியில் ஊற்றிய தண்ணீர் இறங்கியதைப் பார்த்துச் சென்னய்யா சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

ரோஸி அதைச் சோடா உப்புப் போட்டு வேகவைக்கச் சொன்னாள். பிறகு சதுரமாக வெட்டி, காலி டப்பாவில் வேஸ்லினோடு அடுக்கி, ஆவியில் அவித்து எடுத்தாள். வாரம் கழித்துச் சீமை வலையை எடுத்துவிட்டுச் சென்னய்யாவின் வலையை வைத்தாள். அவர் வீட்டில் கட்டின் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. புழுதி பறந்தால் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சன்னலை அடைத்தார்.

ஐப்பசியில் ஒருநாள் ரோஸி பஞ்சை எடுத்து, வலையின் நுனியைப் பிடித்தாள். அது தானாகவே கழன்று வந்தது. அதில் சீழும் இல்லை, ரத்தமும் இல்லை. அடியில் ரோஜா நிறத்தில் தோல் மூடியிருந்தது. "நீட்டுங்கக்கா" என்றாள். லிங்கம்மாள் பயந்து பயந்து நீட்டினாள். முழுசாக நீளவில்லை. தினமும் எண்ணெய் தடவி நீவச் சொன்னாள் ரோஸி. அந்த வேலையைச் சென்னய்யா வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

டப்பா மூடியில் இங்கிலீஷில் என்னமோ அச்சடித்திருந்தது. என்னவென்று கேட்டார்.

"பேட்டண்டுன்னு போட்டிருக்கு அண்ணாச்சி. இது எங்க யோசனை, வேற யாரும் எடுத்து வியாபாரம் பண்ணக் கூடாதுன்னு சர்க்கார்ல பதிஞ்சு வச்சிருக்காக."

சென்னய்யாவுக்குச் சுருக்கென்றது. அடுத்தவன் போட்ட வேட்டிக் கரையைப் பார்த்து நெய்கிறவனைத் தெருவில் ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள். "அப்ப நான் நெய்ஞ்சது களவா, ரோஸியம்மா?"

"நெசவப் பதிஞ்சாகளா, மருந்தப் பதிஞ்சாகளா, எனக்குத் தெரியல. நீங்க ஒண்ணும் விக்கலையே."

"விக்க மாட்டேன்" என்றார். அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். எழுபதுகள் முழுக்க, வேட்டிப் பாவு ஒன்று முடிந்ததும் ஒரு சிறிய வலைப் பாவு ஏற்றி நெய்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தார். காரியாபட்டியில் அடுப்பில் விழுந்த பிள்ளையும், வேட்டுச் சிதறிக் காலைச் சுட்டுக்கொண்ட சோலைச்சாமி என்கிறவரும் அந்த வலைக்குள் தோல் வளர்த்துப் போனவர்கள். மதுரையிலிருந்து ஒரு வியாபாரி காரில் வந்து மொத்தமாகக் கேட்டார். "சரக்கு என்னுது இல்லைங்க. யோசனை சீமைக்காரனது, அரைக் கண்ணி எங்க வீட்டுக்காரியோடது. நான் மிதிச்சேன், அம்புட்டுத்தான்" என்று மோர் கொடுத்து அனுப்பினார்.

அந்த டப்பா மூடியை ரோஸியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று தறியைக் கழுவி, நாடாவையும் அச்சையும் வரிசையாக வைக்கும்போது, அம்மன் படத்துக்குக் கீழே அந்த மூடியும் இருக்கும். அதற்கு முன்னால் தனியாக ஓர் இலையில் சர்க்கரைப் பொங்கல்.

எழுபத்தெட்டில் என்று நினைக்கிறேன், சௌடப்பன் வழக்கம்போலச் சீண்டினார். "ஏலே, பேரு தெரியாத சீமைக்காரனுக்கு எதுக்குலே எலை?"

"பேரு தெரியாட்டி என்ன? நம்ம சாதிக்காரன்தான், தறிக்காரன். இந்த வீட்டுச் சோத்துல அவனுக்குப் பங்கு இருக்குலே. இவ கையால ஆக்குன சோறுல்ல?"

லிங்கம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். இலைகளைத் தாண்டி மூடி கொஞ்சம் தள்ளி இருந்தது. சென்னய்யா எடுத்துக் கொடுக்கக் குனிந்தார். "இருங்க, எட்டும்" என்றாள். வலது கையை நேராக நீட்டி, தகர மூடியின் நடுவில் பொட்டு வைத்தாள்.