போதும் சாரும் புதுப் பெட்டியும்

எங்கள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவரை நாங்கள் 'போதும் சார்' என்போம். வாடிக்கையாளர்களில் சிலர்கூட அப்படிச் சொல்லித்தான் விசாரிக்கிறார்கள். புதுக் கண்ணாடி போட்டுவிடலாம் என்று ஆசையாக வந்து உட்காரும் ஆளை அரை மணி நேரம் சோதித்துவிட்டு, "பவர் மாறவே இல்லைங்க, இருக்கிறதே போதும், நல்லா துடைச்சுப் போடுங்க" என்று அனுப்பிவைக்கிறவருக்கு வேறு என்ன பெயர் வரும்? வெளியே ஃப்ரேம்களைப் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கும் எனக்கு வயிறு எரியும். முதலாளிக்கு இன்னும் கூடுதலாக எரியும். ஆனால் சார் எழுதிக் கொடுத்த பவரில் தலைவலி என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அதனால் பதினோரு வருடமாக இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறோம்.

அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிட வேண்டாம். டீ வாங்கிக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவருக்கு இருப்பது ஒருவகைப் பிடிவாதம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால் மாற்று, தெரியாவிட்டால் விடு. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வாழ்க்கையையும் அந்த ஒரு கேள்வியில் அடக்கிவிட்டார். அவர் மனைவிக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது, எல்லோரும் சேர்ந்தே போகலாம் என்று அந்தம்மா ஒரு வருடம் கேட்டுப் பார்த்தார். "இங்க என்ன குறைச்சல்?" என்றார் இவர். கடைசியில் அந்தம்மா ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அது அப்படியே பிரிவாகவும் ஆகிவிட்டது.

அவர்கள் கிளம்பிய வாரம் போதும் சார் செய்த காரியம்தான் எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். யோசிக்காமல், ஒப்பிடாமல், ஒரே நாளில் டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல் பெட்டி இரண்டு வாங்கினார். ஒன்று மகளின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே போனது. இன்னொன்று அவருடைய ஒற்றை அறையில் டிவிக்குக் கீழே உட்கார்ந்தது.

இரண்டிலும் ஒரே விளையாட்டு. இன்டர்நெட் வழியாக ஒரே லாரியில் இரண்டு பேர். ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் மேப்பைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். வழி தப்பினால் சரக்கு போய்ச் சேராது. மகள் ஓட்டுவாள், இவர் வழி சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் அவரவர் வீட்டில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும்.

போனில் பேசினால் அந்தப் பெண் "ம்" என்பாள், "சாப்பிட்டேன்" என்பாள், அதோடு சரி. லாரியில் ஏறிவிட்டால் வாய் மூடாது. கண் ரோட்டில் இருக்கும்போது பிள்ளைகளுக்கு நாக்கு தளர்ந்துவிடும் போலிருக்கிறது. வகுப்பில் போர்டு மங்கலாகத் தெரிவதை மூன்று மாதம் அம்மாவிடம்கூட மறைத்து வைத்திருந்தவள், லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டே இவரிடம் சொன்னாள். திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் எனக்கு முழுக் கதையும் வந்துவிடும். நான்கு வருடமாக அந்தப் பெண்ணை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவளுடைய எந்த ஆசிரியை மோசம், எந்தப் பல் ஆடுகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

இந்த வருடம் அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் மாறினாள். பிறந்தநாளுக்கு அம்மா புதுக் கன்சோல் வாங்கிக் கொடுத்தார். அதே லாரி விளையாட்டு அதில் புதிதாக வந்திருக்கிறது, மலைப்பாதையெல்லாம் சேர்த்து. ஆனால் புதுப் பெட்டிக்காரரும் பழைய பெட்டிக்காரரும் ஒரே லாரியில் ஏற முடியாது. "அப்பா, நீங்களும் மாத்திடுங்கப்பா" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"மாத்துறது பெரிசில்ல. மாத்துற அளவுக்கு அதுல என்ன இருக்குன்னு பார்க்கணும்ல?" என்றார் என்னிடம்.

"பொண்ணு கேட்டா வாங்கிக் கொடுக்கிறதுதானே சார்?"

"அவளுக்குத்தான் இருக்கே. எனக்குத்தானே கேக்குறா."

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனார். அங்கே பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்து டிவியில் ஓடிக்கொண்டிருந்தன. போதும் சார் தரையில் ஓடுகளை எண்ணி, சரியாக மூன்று மீட்டர் தள்ளி நின்றார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். அப்புறம் இடது கண்ணை. விற்பனைப் பையன் என்னைப் பார்த்தான். நான் டிவி விலைகளைப் படிப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

"சார், புதுசுல மழை பெய்யறத பாருங்க. ஒவ்வொரு துளியும் தெரியும்" என்றான் பையன்.

"பழசுலயும் மழைன்னு தெரியுதே."

"இலையைப் பாருங்க சார். நரம்பெல்லாம் தெரியும்."

"லாரி ஓட்டுற ஆளு எதுக்குப்பா இலை நரம்பைப் பார்க்கணும்?"

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படி முக்கால் மணி நேரம் பார்த்தார். இலை, மழை, நிழல், தூரத்துக் கட்டடம். கடைசியில் தீர்ப்பு வந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் கொஞ்சம் தெரியும், உட்கார்ந்து பார்க்கிற தூரத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. நானும் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாரியில் போகும்போது மகளுக்கு இதையெல்லாம் விளக்கியிருக்கிறார். திங்கட்கிழமை என்னிடம் பெருமையாகச் சொன்னார். "ஒரு மணி நேரம் பொறுமையா எடுத்துச் சொன்னேன். இலை, மழை எல்லாத்தையும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே. சரிப்பான்னுட்டா. எம் பொண்ணுக்கு விஷயத்தைச் சொன்னாப் புரியும்."

அதற்கப்புறம் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தாமதமாக வர ஆரம்பித்தாள். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். இவருக்குக் கோபம். நேரம் தவறினால் சரக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று லாரியிலேயே வகுப்பு எடுத்திருக்கிறார். "கேபிள் மாத்தணும்பா" என்றாளாம்.

"என்ன கேபிளோ. சாக்கு சொல்லக் கத்துக்கிட்டா" என்றார் என்னிடம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அவ புதுப் பெட்டிய டிவில மாட்டி வச்சிருப்பா. உங்ககூட விளையாடணும்னா அதைக் கழட்டிட்டுப் பழசை எடுத்து மாட்டணும். முடிச்சதும் திரும்பக் கழட்டணும். வாராவாரம் உங்களுக்காக அதைப் பண்ணிட்டிருக்கா."

கையிலிருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்து, மறுபடியும் துடைத்தார். "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. தப்பு என்று தெரிந்தும் பிடித்த பிடியை விடாத ஆட்களை என்னால் தாங்கவே முடியாது. என் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது வேறு விஷயம்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வரவேயில்லை. பதினொன்றரை வரை ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்துவிட்டு, அதற்கப்புறம் போன் செய்திருக்கிறார். அந்தம்மாதான் எடுத்தார். வீட்டை ஒழுங்குபடுத்தும்போது வேண்டாத சாமான்களோடு பழைய பெட்டியும் போய்விட்டது என்றார். யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று இவர் சத்தம் போட்டிருக்கிறார். "நான் கேட்டேன். அவதான் கொடுத்துடச் சொன்னா" என்றார் அந்தம்மா.

அந்த வாரம் போதும் சார் ஆளே சரியில்லை. உள்ளே இருந்து "போதும்" என்ற சத்தம் வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சத்தமில்லாமல் புதுக் கண்ணாடி எழுதினார். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். புதன்கிழமை ஒரு அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இடது கண்ணின் பவரை வலது கண்ணுக்கு எழுதியிருந்தார் சார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. அவர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

"போய் அந்தப் பெட்டிய வாங்கிட்டு வாங்க சார்" என்றேன்.

"வித்தியாசம்..." என்று ஆரம்பித்தார்.

"சார், தயவுசெஞ்சு."

அன்று மாலையே வாங்கினார். மகளுக்குச் சொன்னதும் "நிஜமாவாப்பா?" என்று கேட்டாளாம். அதை மட்டும் எனக்கு நான்கு தடவை சொன்னார். ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. கேபிளை எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை, நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும் என்றார். எனக்கும் அதில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்குப் போனேன்.

ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே ஒரே அறை. ஒரு கட்டில், கைப்பிடியில் துணி சுற்றிய ஒரு நாற்காலி, சுவரில் மகளின் பள்ளிக்கூடப் படம். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார், யாரோ பார்க்கப் போகிறது போல. தட்டுத் தடுமாறிக் கேபிளை மாட்டி ஆன் செய்தால், அது ஏதோ அப்டேட் என்று சொல்லிவிட்டு ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டியது. கோடு நகரவே இல்லை. பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது. அவர் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், "போயிடுவா, போயிடுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கே அந்தக் கோட்டைக் கையால் பிடித்துத் தள்ளலாம் போலிருந்தது.

பத்தே முக்காலுக்கு லாரி வந்தது. டிவியிலிருந்தே அவள் குரல் கேட்டது.

"அப்பா? வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் பாப்பா. இது என்னமோ அப்டேட்டுன்னு சொல்லி..."

"பரவாயில்லப்பா. ஏறுங்க."

எந்தப் பட்டன் என்று அவளே சொன்னாள். ஏறி உட்கார்ந்தார். லாரி கிளம்பியது. இவர் ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். விளக்கு எரிந்தது, ஜன்னல் இறங்கியது, வைப்பர் ஆடியது.

"பாப்பா, மேப் எங்க இருக்கு?"

"இதுல மேப் கிடையாதுப்பா. ரோட்டுலயே நீலக் கோடு போட்டுக் காட்டிடும். பாருங்க."

பார்த்தோம். லாரிக்கு முன்னால் ரோடு முழுக்க நீலமாக ஒரு கோடு, வளைவுக்கு வளைவு தானே வழி சொல்லிக்கொண்டு போனது. அன்று கடையில் முக்கால் மணி நேரம் நின்றோமே, இருவரில் ஒருவருக்காவது இது கண்ணில் பட்டதா?

"அப்ப நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் வேண்டாம்பா. சும்மா உக்காந்துட்டு வாங்க. மலையெல்லாம் நல்லா இருக்கும்."

சும்மா உட்கார்ந்துகொண்டு போனார். கன்ட்ரோலரை இரண்டு கையாலும் மடியில் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "புது ஸ்கூல் எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"இப்ப ஓகேப்பா."

"இப்பன்னா?"

"முதல்ல யாரும் எங்கூடப் பேச மாட்டாங்க. மூணு மாசம் தனியாத்தான் உக்காந்து சாப்பிடுவேன். இங்க இந்த மலையிலயும் தனியாத்தான் ஓட்டிட்டிருந்தேன். அதான் உங்களை மாத்தச் சொன்னேன்."

"நீ இதைச் சொல்லவே இல்லையே பாப்பா."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க இலை பத்திப் பேசிட்டிருந்தீங்க."

அவள் குரலில் குத்தல் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். போதும் சார் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அந்த அறையில் இருக்கவே கூடாது என்று தோன்றியது. எழுந்துபோகவும் முடியவில்லை.

அடுத்த வளைவில் லாரி நின்றது. ரோட்டோரத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் நின்றாள். "ஏய், இவ்வளவு நேரமா? யாரு உன் பக்கத்துல?" என்றது இன்னொரு சிறுமியின் குரல்.

"எங்கப்பா."

"ஓ. வணக்கம் அங்கிள்." கொஞ்சம் தயங்கி, "சரி, அப்ப நான் அடுத்த ட்ரிப்ல வரேன்" என்றாள்.

மகள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. லாரி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

"நான் இறங்கிக்கிறேன் பாப்பா. உன் ஃப்ரெண்டு ஏறிக்கட்டும்."

"இல்லப்பா. நீங்க இப்பதானே வந்தீங்க."

"பரவாயில்லம்மா. எந்தப் பட்டனை அழுத்தணும்?"

வைப்பர் இரண்டு தடவை ஆடியது.

"கீழ இருக்கிற பட்டன்பா" என்றாள் அப்புறம். "விடாம அழுத்திப் பிடிங்க."

அழுத்திப் பிடித்தார். கதவு திறந்தது, அவர் ரோட்டில் நின்றார். மஞ்சள் தொப்பி ஏறிக்கொண்டது. "அடுத்த வாரம் சீக்கிரம் வாங்கப்பா" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லாரி நகர்ந்தது. இந்தப் புதுப் பெட்டியில் ஆள் தூரமாகப் போகப் போகக் குரலும் சின்னதாகிக்கொண்டே போகும் போலிருக்கிறது. இரண்டு பெண்களும் எதற்கோ சிரித்தார்கள். வளைவைத் தாண்டியதும் அதுவும் கேட்கவில்லை.

அவர் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டு, "லாரி திரும்பி வரும்போது இந்த வழியாத்தானே வரும்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது. "வரும் சார்" என்றேன்.