அக்கா கொண்டுவந்த பால்

இனிமேல் டயாலிசிஸ் வேண்டாம் என்று என் கணவர் சொன்னதும், சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கடைக்குப் போய்விட்டேன். வில்லியனூர் கடைத்தெருவில் எங்களுடையது பாத்திரக்கடை. துடைத்த குடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். ஆட்டோ வைத்துப் புதுச்சேரிக்கு அழைத்துப்போய், ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, இத்தனை வருஷம் அந்த நோயோடு மாரடித்தவள் நான். ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்ல இவர் யார்? எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். அழுகை எல்லாம் பிறகு.

மறுநாள் காலையில் சண்டைக்கு நின்றேன். “இதுவும் தற்கொலதான?”

“பூச்சிமருந்து குடிச்சாதான்டி தற்கொல. இந்த நோவு என்ன எப்பவோ கூட்டினு போயிருக்கணும். மிஷினுதான் புடிச்சி வச்சினுக்குது. வுட்டுடு.”

டாக்டரிடமாவது புத்தி சொல்லச் சொல்வோம் என்று இழுத்துக்கொண்டு போனேன். அவர் என்னை வெளியே உட்காரவைத்து இவரிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இவர் மனம் தளர்ந்து சொல்லவில்லை, தெளிவாகத்தான் சொல்கிறார், வேண்டாம் என்கிறவர் உடம்பில் ஊசி குத்த எனக்கு உரிமை இல்லையம்மா என்றார். மூச்சு முட்டினால் கொடுக்க மருந்து தந்தார். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், ஆஸ்பத்திரிப் பேனா என் கையிலேயே இருந்ததைப் பார்த்தேன்.

சேதி ஏம்பலத்துக்குப் போனது. அங்கே கரும்பு வைத்திருக்கும் அவருடைய அக்கா, தூக்குவாளியில் பாலோடு வந்து இறங்கினார். உயிர் போகிற நேரத்தில் சொந்தபந்தம் வாயில் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். வைத்தியத்தை நிறுத்தியாயிற்று என்றால் ஆள் இழுத்துக்கொண்டு கிடப்பார் என்று நினைத்துவிட்டார் பாவம். இவரோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று என்னிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். “நல்லா ஒக்காந்து துன்னுனு இருக்கறவன சாவ வுட்டுட்டியேடி. பாத்துக்க அலுத்துப்போச்சா ஒனக்கு?”

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் அதையேதான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அவள இன்னாத்துக்கு கேக்கற?” என்றார் இவர். “தெனம் காத்தால எழுந்ததும் ஆட்டோ சொல்லட்டா, ஆட்டோ சொல்லட்டான்னு உயிர எடுக்கறா. நான்தான் ஏற மாட்டன்றன். வாக்கா, எடுத்தாந்தத ஊத்து.”

“இன்னாடா பேசற?”

“நெனவு தப்பனப்பறம் ஊத்துனா, ஊத்துனது யாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இப்பவே ஊத்து.”

அக்கா ஸ்பூனில் எடுத்து ஊற்றினார். பாதி சட்டையில் வழிந்தது. தம்பியின் தலையைக் கட்டிக்கொண்டு அழுதார். அவரை மெல்ல விலக்கிவிட்டு, இவர் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

நான் அடுப்பங்கரைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். ஊற்றினால் போய்வா என்று நானே சொன்னதாகிவிடும். ஆஸ்பத்திரியில் போட்டது வெறும் கையெழுத்து, அதில் என் சம்மதம் இல்லை. அவர் திறந்த வாயை மூடவே இல்லை. பிடிவாதக்காரர். ஊற்றினேன்.

விழுங்கிவிட்டு, “சக்கர போடலியாடி?” என்றார்.

போட்டு எடுத்துவந்தேன். மறுநாள் காலையில் ஆட்டோ சொல்லட்டுமா என்று நான் கேட்கவில்லை.